குடவோலையிலிருந்து கெர்னல் வரை

மலர்க் குழு நண்பர்கள் போன் செய்து, "ஏதாவது எழுதிக் கொடுப்பா, நாலு பக்கம் இருந்தாப் போதும்" என்றார்கள். மெஸ் சாம்பாரைப் பற்றியும், அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி பெரம்பலூர் பஸ்ஸுக்கு ஓடியதைப் பற்றியும் எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். நான் இத்தனை வருஷமாகப் பார்த்து வரும் வேலை ஆபரேட்டிங் சிஸ்டம் சம்பந்தப்பட்டது. அதிலும் ஒரு சின்ன மூலை. கம்ப்யூட்டருக்குள் ரேண்டம் நம்பர், அதாவது யாராலும் முன்கூட்டி ஊகிக்க முடியாத எண், எப்படி உண்டாகிறது என்பது. அதன் வரலாற்றை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத, 1998-இல் நம் ஹாஸ்டலில் நடந்த ஒரு விஷயத்தில் போய் நின்றது. அதில் குற்றவாளி நான்தான். ஆகவே இது பாதி வரலாறு, பாதி ஒப்புதல் வாக்குமூலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

64 பேர், 16 அறைகள்

1996-இல் நாம் சேர்ந்தபோது பெரம்பலூர் மாவட்டத்துக்கு ஒரு வயசுதான். திருச்சியிலிருந்து 1995-இல் பிரித்தார்கள். அரியலூரும் அப்போது அதற்குள்தான் இருந்தது. (பிறகு 2001-இல் தனி மாவட்டம், 2002-இல் மறுபடி சேர்ப்பு, 2007-இல் மறுபடி தனி. இதையும் குலுக்கல் போட்டுத்தான் முடிவு செய்தார்களோ என்று நாம் கேலி செய்வோம்.)

மூன்றாம் வருஷ ஆரம்பத்தில் அறை ஒதுக்க வேண்டும். வழக்கம்போல் சண்டை. வார்டன் சார் நம் கம்ப்யூட்டர் பிரிவுப் பையன்களைக் கூப்பிட்டு, "கம்ப்யூட்டர்லயே குலுக்கல் போட்டுக் குடுங்கடா. மெஷின் சொன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்றார். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏ.சி. லேபுக்குள் போய், டர்போ சி-யில் முப்பது வரி எழுதினேன். 64 பெயர்களைக் கலைத்து அறைக்கு நாலு பேராகப் போடும் ப்ரோகிராம். முதல் நாள் ராத்திரி ஒரு தடவை ஓட்டி, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கர்ர் கர்ரென்று அடித்தும் பார்த்தேன். எனக்கு மாடியில் கிழக்கு மூலை அறை, நல்ல காற்று வரும். ஜெயங்கொண்டத்துப் பக்கமிருந்து வந்த என் நண்பனுக்கு மெஸ் அடுப்படிக்குப் பின்னால் இருக்கும் கடைசி அறை. விறகுப் புகை நேரே உள்ளே போகும். அவனுக்கோ இழுப்பு உண்டு. "சரி, இது டெஸ்ட்தானே. நாளைக்கு மாறிடும்" என்று பேப்பரை மேஜையில் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை வார்டன் முன்னால், எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்க்க, ஓட்டினேன். மூன்றாவது வரி திரையில் வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நேற்று ராத்திரி வந்த அதே லிஸ்ட்! வரி பிசகாமல் அதே வரிசை. அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிழக்கு மூலைக் காற்று என் வாயைக் கட்டிவிட்டது.

பன்னிரண்டு நாள் கழித்து ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட லேபில் பழைய பேப்பர் பொறுக்கிய நண்பன் கையில் அந்தத் தாள் சிக்கியது. மேலே தேதியும் நேரமும் பளிச்சென்று இருந்தன. அதை அடித்ததும் என் ப்ரோகிராம்தான். அவன் சத்தம் போடவில்லை. "நல்ல ரூம் கெட்ட ரூம் அதெல்லாம் விடு. உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குல்ல?" என்று மட்டும் கேட்டான்.

விஷயம் வார்டனுக்குப் போய், மறு குலுக்கல் நடந்தது. இந்தத் தடவை கம்ப்யூட்டர் இல்லை. மெஸ் குண்டான், 64 துண்டுச் சீட்டு, சமையற்காரரின் ஐந்து வயசுப் பையன். அங்கே நின்ற நம் கணிதப் பேராசிரியர் சிரித்தபடி, "உத்திரமேரூர்ல ஆயிரம் வருஷம் முன்னாடியே இதைத்தானப்பா பண்ணாங்க" என்றார்.

குடத்தின் இலக்கணம்

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சோழர் என்றால் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரமும், சோழகங்கம் என்ற பொன்னேரியும் நினைவுக்கு வரும். ராசேந்திரனுக்கும் நூறு வருஷத்துக்கு முந்தியவன் முதலாம் பராந்தகன். அவன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும், காஞ்சிபுரத்துப் பக்கம் உத்திரமேரூரில் ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறையைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அதுதான் குடவோலை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு மார்க் கேள்வியாகப் படித்துவிட்டு நாம் தாண்டி வந்துவிட்டோம். ஒரு பாதுகாப்பு வடிவமைப்பாக அதைப் படித்துப் பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும்.

ஊரில் முப்பது குடும்புகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் இடுவார்கள். சிறியவர் பெரியவர் என்று சபை முழுவதும் கூடியிருக்க வேண்டும். ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் வந்து உட்கார வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு வெறுங்குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். அவன் வாசித்தது போதாது, நம்பிமார் எல்லாரும் வாசிக்க வேண்டும்.

ஐந்து விரலை ஏன் விரிக்கச் சொன்னார்கள்? விரலிடுக்கில் வேறு ஓலை ஒளித்துவைத்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான். சிறுவன் ஏன்? எடுப்பவனுக்கே தெரியக் கூடாது. இரண்டு குடம் ஏன்? ஒரு குலுக்கலில் யாராவது கைவைத்திருந்தாலும் அடுத்த குலுக்கல் அதைக் கலைத்துவிடும். அந்தக் குடத்தில் எல்லாருடைய பெயரும் இருந்ததா என்றால் இல்லை. நிலமும் சொந்த வீடும் உள்ள, 35-லிருந்து 70 வயதுக்குட்பட்ட, வேதம் கற்ற பிராமணச் சபையாரின் பெயர்கள் மட்டும்தான். அதை மறைத்துப் பெருமை பேச வேண்டியதில்லை. ஆனால் குலுக்கலை நடத்துகிறவனையே நம்பாமல் நடத்துவது எப்படி என்ற கேள்விக்கு அவர்கள் எழுதி வைத்த பதில், இன்றைய கெர்னல் எழுதுகிறவர்களும் தேடி அலைந்த பதில்தான்.

மெஷினுக்குக் குலுக்கத் தெரியாது

கம்ப்யூட்டரிடம் உள்ள கஷ்டம் இதுதான்: சொன்னதைச் சொன்னபடி செய்யும். அதே உள்ளீடு கொடுத்தால் அதே விடை. அதற்காகவே அதைக் கட்டினார்கள். அதனிடம் போய் "உன் இஷ்டத்துக்கு ஒரு நம்பர் சொல்லு" என்றால் முழிக்கும்.

அதனால் ஆரம்பத்தில் எண்களை வெளியே தயாரித்துப் புத்தகமாகப் போட்டார்கள். இங்கிலாந்தில் டிப்பெட் என்பவர் மக்கள்தொகைக் கணக்கு ஏடுகளிலிருந்து 41,600 இலக்கங்களை எடுத்து 1927-இல் வெளியிட்டார். அமெரிக்காவில் ராண்டு நிறுவனம் எலெக்ட்ரானிக் சக்கரம் ஒன்றைச் சுழலவிட்டு, பத்து லட்சம் இலக்கங்கள் கொண்ட புத்தகத்தை 1955-இல் அச்சிட்டது. கதையோ கவிதையோ இல்லை, பக்கம் பக்கமாக வெறும் எண்! நம் நாட்டிலும் மகலனோபிஸ் வழிகாட்டலில் 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியபோது, எந்தக் கிராமத்துக்குப் போவது என்பதை அதிகாரியின் விருப்பத்துக்கு விடாமல் இப்படிப்பட்ட எண்களைக் கொண்டுதான் தேர்ந்தெடுத்தார்கள்.

பிறகு கம்ப்யூட்டருக்கே ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஓர் எண்ணில் தொடங்கு, பெருக்கு, கூட்டு, வந்ததை மறுபடி பெருக்கு, கூட்டு. வரும் எண்கள் பார்வைக்குத் தாறுமாறாக இருக்கும். ஆனால் தொடக்க எண் ஒன்றே என்றால் வரிசையும் ஒன்றே. அந்தத் தொடக்க எண்ணை 'விதை' என்பார்கள். டர்போ சி-யில் 'ரேண்டமைஸ்' என்று ஒரு வரி எழுதினால் அது கடிகாரத்தைப் பார்த்து விதை போடும். நான் அந்த ஒரு வரியை எழுத மறந்திருந்தேன். ஆகவே ஒவ்வொரு தடவையும் அதே விதை, அதே முளை, அதே மூலை அறை.

மறக்காமல் எழுதியிருந்தால் சரியாகியிருக்குமா? அப்போது அப்படித்தான் நினைத்தேன். பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. 64 பேரை வரிசைப்படுத்தும் வழிகளின் எண்ணிக்கை 90 இலக்கம் கொண்ட எண். டர்போ சி-யின் விதையோ 16 பிட், 65,536 விதைகள்தான். அதாவது மொத்தமே 65,536 லிஸ்ட்தான் வர முடியும். குலுக்கிய நிமிஷம் தெரிந்தால் 60 விதைகளைப் போட்டுப் பார்த்தால் போதும், கண்டுபிடித்துவிடலாம். கலைந்து தெரிவது வேறு, ஊகிக்க முடியாமல் இருப்பது வேறு. என் 30 வரியில் முதலாவது இருந்தது. இரண்டாவது இல்லை.

நான் ஒன்றும் தனியாள் இல்லை. 1995-இல் உலகமே பயன்படுத்திய நெட்ஸ்கேப் ப்ரௌசர், கிரெடிட் கார்டு நம்பரைப் பூட்டி அனுப்பும் சாவியை எதிலிருந்து எடுத்தது தெரியுமா? நேரம், மற்றும் ப்ரோகிராமுக்கு கம்ப்யூட்டர் கொடுக்கும் இரண்டு வரிசை எண்கள். பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த கோல்ட்பர்க், வாக்னர் என்ற இரண்டு மாணவர்கள் அதைக் கண்டுபிடித்துப் போட்டு உடைத்தார்கள். பூட்டு நல்ல பூட்டுதான். சாவியைத்தான் எல்லாரும் ஊகிக்கும்படி செய்து வைத்திருந்தார்கள்.

கெர்னலுக்குள் ஒரு குடம்

அப்படியானால் நல்ல விதை எங்கே கிடைக்கும்? மெஷினுக்கு வெளியே இருக்கும் உலகத்திலிருந்துதான் வர வேண்டும். வெளியுலகம் வந்து தட்டும்போதெல்லாம் முதலில் எழுந்து கதவைத் திறப்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நடுக்கருவான கெர்னல். கீபோர்டில் நீங்கள் தட்டும் எழுத்துகளுக்கு இடையில் எத்தனை மைக்ரோ செகண்ட் கடந்தது, டிஸ்க் பதில் சொல்ல எவ்வளவு தாமதம், மவுஸ் எங்கே நகர்ந்தது எல்லாம் அதற்குத் தெரியும். அந்த நேரக் கணக்கின் கடைசி இலக்கங்களை நீங்களே நினைத்தாலும் திரும்ப அப்படியே கொண்டுவர முடியாது.

இதை வைத்து 1994-இல் தியோடர் ட்ஸோ என்பவர் லினக்ஸ் கெர்னலுக்குள் ஒரு குடத்தை வைத்தார். வரும் நேரங்களையெல்லாம் அதில் போட்டுக் கலக்குவது; யாராவது எண் கேட்டால், உள்ளே இருப்பதை அப்படியே காட்டாமல் ஹாஷ் என்ற ஒருவழிக் கணக்கால் அரைத்துக் கொடுப்பது. மாவைப் பார்த்து முழு அரிசியை மீட்க முடியாதல்லவா, அது போல. ரகசியக் குறியீட்டு மென்பொருளை ஏற்றுமதி செய்ய அமெரிக்காவில் அன்று கெடுபிடி இருந்ததால், அந்தக் குறியீட்டை விட்டு ஹாஷை எடுத்துக்கொண்டார்.

ஆனால் அவர் வடிவமைப்பில் ஒரு கணக்குப்பிள்ளையும் இருந்தார். குடத்தில் எவ்வளவு 'ஊகிக்க முடியாமை' வந்தது, எவ்வளவு செலவானது என்று வரவு செலவு எழுதுவார். இருப்பு குறைந்தால் '/டெவ்/ரேண்டம்' என்ற கதவு மூடிக்கொள்ளும். கேட்டவர் காத்திருக்க வேண்டும். '/டெவ்/யூரேண்டம்' என்ற மற்றக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். எது சரி என்று இருபது வருஷத்துக்கு மேல் சண்டை. ஏரித் தண்ணீர் போலச் செலவாகிவிடும் என்பது ஒரு கட்சி. உறைமோர் மாதிரி என்பது மற்றக் கட்சி. நல்ல உறை ஒரு கரண்டி கிடைத்துவிட்டால் எத்தனை குடம் பாலும் தயிராகும், உறை தீராது. கணிதம் இரண்டாம் கட்சியின் பக்கம் நின்றது. ஊகிக்க முடியாத 256 பிட் ஒருமுறை சேர்ந்துவிட்டால், அதிலிருந்து வேண்டிய அளவு எண்களை எடுக்கலாம். 2016-இல் 'சாச்சா20' என்ற கணக்கு லினக்ஸில் அந்த வேலைக்கு வந்தது. 2020-இல் 5.6-ஆம் பதிப்பில், தொடக்கத்தில் குடம் நிரம்பும் வரை மட்டும் காத்திருந்தால் போதும் என்று ஆக்கினார்கள். 2022-இல் ஜேசன் டோனன்ஃபெல்ட் பழைய ஹாஷையும் மாற்றி உள் அமைப்பையே சீர்செய்தார்.

இன்னொரு நுணுக்கம். எண்ணைக் கொடுத்த உடனே கெர்னல் தன் உள் சாவியை அழித்துப் புதிதாக மாற்றிக்கொள்ளும். இன்று திருடன் புகுந்து குடத்தையே பார்த்தாலும் நேற்றுக் கொடுத்த எண்களைத் தெரிந்துகொள்ள முடியாது. அவ்வப்போது புது நேரங்களைச் சேர்த்துக்கொள்வதால், கொஞ்ச நேரத்தில் நாளைய எண்களும் அவனுக்கு எட்டாது. சிப்புக்குள்ளேயே ரேண்டம் எண் தரும் கட்டளையை இன்டெல் 2012-இல் கொண்டுவந்தது. மறுவருஷமே, 'டூயல் இசி' என்ற அமெரிக்க அரசுத் தர முறை ஒன்றில் உளவுத்துறை பின்வாசல் வைத்திருக்கிறது என்ற சந்தேகம் வலுத்தது. அப்படியானால் சிப்பை நம்புவதா வேண்டாமா? அதையும் மற்றதோடு கலந்துகொள், அதை மட்டும் நம்பாதே என்பது கெர்னல்காரர்கள் பிடித்த வழி. இரண்டாவது குடம் நினைவுக்கு வருகிறதா?

விழித்தெழும் நேரம்

எல்லாம் சரி, ஆபத்து எங்கே என்றால் மெஷின் கண் விழிக்கும் முதல் சில நொடிகளில். அப்போது குடம் காலி.

2012-இல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் இன்டர்நெட்டில் கிடைத்த பொதுச் சாவிகளையெல்லாம் திரட்டிப் பார்த்தன. ஆர்.எஸ்.ஏ. சாவி என்பது இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கல். அதைப் பிரிப்பது மகா கஷ்டம். ஆனால் இரண்டு சாவிகளில் ஒரு பகா எண் பொதுவாக இருந்துவிட்டால், எட்டாம் வகுப்பில் படித்த மீப்பெரு பொது வகுத்தி போதும், இரண்டும் உடைந்துவிடும். அப்படிப் பார்த்ததில், ஹெனிங்கர் முதலானோர் குழு இணையத்தில் பாதுகாப்புச் சான்று வைத்திருந்த கருவிகளில் அரை சதவீதத்தின் ரகசியச் சாவியை எடுத்துவிட்டது! பெரும்பாலும் ரௌட்டர் போன்ற சின்னப் பெட்டிகள். கீபோர்டு இல்லை, மவுஸ் இல்லை, டிஸ்க் இல்லை. பெட்டியைத் திறந்து கரண்ட் கொடுத்ததும், குடத்தில் ஒன்றும் சேர்வதற்குள் சாவி செய்துகொண்டன. ஒரே மாதிரிக் காலிக் குடம், ஒரே மாதிரிச் சாவி. லினக்ஸில் 2014-இல் வந்த 'கெட்ரேண்டம்' என்ற கட்டளை, குடம் முதல்முறை நிரம்பும்வரை பதில் சொல்லாமல் காத்திருக்கும்.

அதற்கும் ஒரு வினை வந்தது. 2019-இல் டிஸ்க் படிப்பதை வேகமாக்கினார்கள். தட்டல்கள் குறைந்தன. குடம் நிரம்பவில்லை. சில மெஷின்கள் கண் விழிக்காமல் அப்படியே நின்றுவிட்டன! கடைசியில் லினஸ் டோர்வால்ட்ஸே, பிராசஸரின் சொந்த ஓட்டத்தில் இருக்கும் சின்னச் சின்னத் தடுமாற்றங்களிலிருந்து விதை சேர்க்கும் முறையை எழுதிச் சேர்த்தார்.

என் மனசை அதிகம் தொட்டது இன்னொரு சம்பவம். டெபியன் லினக்ஸில் 2006-இல் ஒருவர், சோதனைக் கருவி எச்சரிக்கை கொடுத்துத் தொல்லை செய்கிறதே என்று 'ஓப்பன்எஸ்எஸ்எல்' மென்பொருளில் ஓரிரு வரியை நீக்கினார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அந்த வரிதான் விதையைக் குடத்தில் போட்டுக்கொண்டிருந்தது. கெர்னல் நல்ல எண்களைக் கொடுத்தும் அவை உள்ளே போகவில்லை. 2008 மே மாதம் வெளியே தெரிந்தபோது, அதில் செய்த ஒவ்வொரு வகைச் சாவியும் 32,768 சாத்தியங்களுக்குள் அடங்கிவிட்டது. உலகமெங்கும் சாவிகளை மாற்றினார்கள். செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. பத்து வருஷத்துக்கு முன் நான் விட்ட வரியும் அதே வரிதானே என்று தோன்றியது. ஒரு வித்தியாசம். தப்பு தெரிந்ததும் அவர்கள் ஊர் முழுக்கச் சொன்னார்கள்.

குண்டானில் வந்த சீட்டு

இன்று அரியலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் செல்போனில் காசு அனுப்புகிறோம். பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போன்; அதற்குள் ஓடுவது லினக்ஸ் கெர்னல். அந்த டீக்காசு போய்ச் சேரும் வழியைப் பூட்டும் சாவியின் விதை அந்தக் குடத்திலிருந்து வருகிறது. பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளுக்கும் பத்து இலக்கத்தில் ஒரு ரேண்டம் எண் கொடுக்கிறார்கள். மார்க், பிறந்த தேதி வரை எல்லாம் சமமாகிவிட்டால் அந்த எண்தான் முந்தியவர் யார் என்று சொல்லும். அந்த எண் நமக்குப் பாதகமாக வந்தாலும் பொறுத்துக்கொள்கிறோமே, ஏன்? எவனும் முன்னாடியே பார்த்திருக்க மாட்டான் என்ற நம்பிக்கையில்தான்.

அந்த மறு குலுக்கலின் முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சமையற்காரர் பையன் குண்டானுக்குள் முழங்கை வரை விட்டுக் கிளறி, ஒவ்வொரு சீட்டாக எடுத்தான். வார்டன் வாசித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் வாங்கி வாசித்தார்கள். என் நண்பனுக்கு மறுபடியும் அடுப்படிக்குப் பின்னால் இருக்கும் அதே கடைசி அறைதான் வந்தது!

எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தோம். அவன் சிரித்துவிட்டு, "குண்டான்ல வந்துச்சு. யார் மேல கோவப்படறது?" என்று பெட்டியைத் தூக்கினான். எனக்கு இந்த முறை நடு அறை வந்தது. அன்று சாயங்காலமே வார்டனிடம் கேட்டு, அவன் கட்டிலை எங்கள் அறையில் ஐந்தாவதாகப் போட்டுக்கொண்டோம். ஒரு மாதம் அவன் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பிறகு பேசினான். அன்று அவன் கேட்ட கேள்விக்கு மட்டும் நான் பதில் சொன்னதே இல்லை.

இந்த மலரை அவன் படிப்பான். ஆமாண்டா, எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு. தப்புதான்.

நண்பர்களே, இந்தச் சந்திப்பில் பரிசுக் குலுக்கல் உண்டு என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து யாரும் லேப்டாப்பை எடுக்க வேண்டாம். மெஸ்ஸில் கேட்டால் குண்டான் கொடுப்பார்கள். நம் பிள்ளைகளில் சின்னதாக ஒன்றைக் கூப்பிட்டுக் கையை விடச் சொல்லுங்கள். சீட்டை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து வாங்கட்டும்.